முந்திரி கம்பைலருக்குள் வந்த வழி

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்பெற்றவை. வாரியப் பொறுப்புக்கு வர விரும்புகிறவருக்கு இறை செலுத்தும் நிலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அவை பின்னத்தில் வரையறுக்கின்றன. கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும். வேதமும் பாடியமும் கற்றவராக இருந்தால் அரைக்கால் வேலியே போதும். நிலத்தையும் நெல்லையும் பொன்னையும் இப்படிக் கூறுபோட்டு அளந்த கணக்கு மரபு காலில் நிற்கவில்லை. அரைக்கால், மாகாணி, மா, காணி என்று இறங்கி, 320ல் ஒரு பங்கான முந்திரி வரை போனது. அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் ‘கீழ்’ என்ற குறியைச் சேர்த்து அதே வரிசையில் மறுபடியும் இறங்கலாம். கீழ்முந்திரி என்பது 1,02,400ல் ஒரு பங்கு. இந்தப் பின்னங்களுக்குத் தனித்தனிக் குறிகள் இருந்தன. கல்லிலும் ஓலையிலும் நூற்றாண்டுகளாகப் புழங்கிய அந்தக் குறிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கணினியில் நெடுங்காலம் இடமில்லை. ஸ்ரீரமண சர்மா எழுதிய முன்மொழிவு தமிழறிஞர்களின் ஆய்வையும் திருத்தங்களையும் கடந்த பிறகு, உலக எழுத்துகளுக்குக் கணினியில் குறியீடு ஒதுக்கும் யுனிகோடு தரத்தின், 2019 மார்ச் 5 அன்று வெளியான 12.0ஆம் பதிப்பில்தான் 51 குறிகள் கொண்ட தமிழ்ப் பின்னிணைப்பாக அவை இடம்பெற்றன.

பைதான் என்ற கணினி மொழியின், 2018 ஜூனில் வெளியான 3.7ஆம் பதிப்பைக் கேட்டால், முந்திரிக் குறி ஓர் எண்ணே இல்லை என்று பிழை காட்டும். 2019 அக்டோபரில் வெளியான பைதான் 3.8 அதே கேள்விக்கு 0.003125 என்று சரியாக விடை சொல்லும். இடைப்பட்ட மாதங்களில் பைதான் குழுவில் யாரும் உட்கார்ந்து தமிழ்ப் பின்னம் படித்து நிரல் எழுதவில்லை. வேறோர் அமைப்பு பராமரிக்கும் தரவின் புதிய பதிப்பு, பைதானின் மூலநிரலுக்குள் முறைப்படி சேர்க்கப்பட்டது, அவ்வளவுதான் நடந்தது. வெளியே தெரியாத இந்தச் சேர்ப்பு வேலையைப் பற்றித் தமிழில் யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நினைக்கிறேன். நம் எழுத்தை ஒரு கணினி மொழி ஏற்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது.

நாம் எழுதும் நிரலை இயந்திரம் செய்யக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். பைதானுக்குள்ளும் ஒரு கம்பைலர் உண்டு. ஒரு கம்பைலரின் மூலநிரல் முழுவதையும் அதை உருவாக்கியவர்களே எழுதியிருப்பார்கள் என்றுதான் பொதுவாக நினைக்கத் தோன்றும். சி முதலிய மொழிகளுக்கான ஜிசிசி என்ற கம்பைலரின் மூலநிரலைத் திறந்து பார்த்தால் நிலைமை வேறு. தரவைச் சுருக்கி விரிக்கும் ஸீலிப் நூலகம் அங்கே முழுதாக இருக்கிறது. நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் லிப்சானிடைசர் இருக்கிறது. 2013ல் ஜிசிசி 4.8ல் முதன்முதலாக வந்த இது, ஜிசிசிக்குப் போட்டியாகக் கருதப்படும் எல்எல்விஎம் திட்டத்தில் எழுதப்படுவது. கோ, டி ஆகிய மொழிகளின் அடிப்படை நூலகங்களும் வெளியிலிருந்து வந்தவையே. ரஸ்ட் கம்பைலர் எல்எல்விஎம்மின் ஒரு கிளையையே தன்னோடு சுமந்து செல்கிறது. எழுத்துகளைப் பற்றிய அட்டவணைகள் எல்லோருக்கும் யுனிகோடிலிருந்து வருகின்றன. இப்படி ஒன்று பிறந்து வளரும் மூலத் திட்டத்தை ஆங்கிலத்தில் ஆற்றின் மேல்பக்கம் என்ற பொருளில் குறிப்பிடுவார்கள். ஏரிப் பாசனம் அறிந்த காஞ்சி நாட்டில் அதற்குச் சொல் தேட வேண்டியதில்லை. யுனிகோடும் ஸீலிப்பும் எல்எல்விஎம்மும் தலைமடை. அவற்றை வாங்கிக்கொள்ளும் கம்பைலர் கடைமடை. தலைமடையில் திறந்த நீர் கடைமடைக்கு வந்து சேர, நடுவில் வாய்க்கால் தூர்ந்து போகாமல் இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த பகுதியை ஒரு கம்பைலர் எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு சிறு சிறு அளவில், எவ்வளவு குறைந்த கைவைப்போடு புதுப்பிக்கிறதோ அந்த அளவுக்கு அது நம்பத்தக்கது என்பதே என் வாதம்.

புதுப்பிக்காமல் விட்டால் என்னவாகும் என்பதற்கு ஒரு கம்பைலரை அல்ல, கம்பைலர்கள் பின்பற்றும் விதியையே சான்றாகக் காட்டலாம். சி மொழிக்கான 1999ஆம் ஆண்டுத் தரம், மாறிகளுக்கு வைக்கும் பெயர்களில் ஆங்கிலமல்லாத எழுத்துகளையும் அனுமதித்தது. எந்தெந்த எழுத்துகள் என்பதை அது ஒரு பட்டியலாகவே அச்சிட்டுக் கொடுத்தது. அந்தப் பட்டியலில் தமிழ் உண்டு. உயிரெழுத்தும் மெய்யும் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் வரிசையாக இருக்கின்றன. ஆனால் ‘வ’வுக்குப் பிறகு பட்டியல் ஓரெழுத்தைத் தாண்டி ‘ஷ’வுக்குப் போய்விடுகிறது. விடுபட்டது ‘ஶ’. கோயில் அழைப்பிதழ்களில் பார்க்கும் ‘ஶ்ரீ’யின் முதலெழுத்து. அதேபோல எண்களின் பட்டியல் தமிழ் ஒன்றில் தொடங்கி ஒன்பதில் முடிகிறது, சுழியம் இல்லை. இதில் தரத்தை எழுதியவர்கள் மேல் குற்றம் இல்லை. ‘ஶ’வும் தமிழ்ச் சுழியமும் யுனிகோடில் இடம்பெற்றதே 2005ல், 4.1ஆம் பதிப்பில்தான். 1999ல் இருந்த யுனிகோடை அவர்கள் பார்த்து நகலெடுத்தார்கள். தலைமடை நகர்ந்தது, நகல் நின்றுவிட்டது. அந்த விதியை எழுத்துப்படி பின்பற்றும் கம்பைலருக்கு 2005க்குப் பிறகும் ‘ஶ்ரீ’ என்று தொடங்கும் பெயர் செல்லாத பெயர்தான். இந்தத் தவறை உணர்ந்தவர்கள் 2011ஆம் ஆண்டுத் தரத்தில் எதிர்த்திசையில் அதிகமாகவே போனார்கள். பட்டியலுக்குப் பதிலாகப் பெரிய பெரிய எல்லைகளைக் கொடுத்து, அவற்றுக்குள் இனி வரப்போகும், இன்னும் எழுத்தே ஒதுக்கப்படாத இடங்களையும் சேர்த்துத் திறந்துவிட்டார்கள். எமோஜிகூடப் பெயராகிவிட்டது. கடைசியில் சி++ மொழியின் தரக்குழுவும் பிறகு சி மொழியின் குழுவும் நேர்வழிக்கு வந்தன. பெயரின் முதலில் எது வரலாம், தொடர்ச்சியில் எது வரலாம் என்று யுனிகோடு தானே பராமரிக்கும் பண்புகளையே விதியாக ஏற்றுக்கொண்டன. ஜிசிசி 2022ல் தன் 12ஆம் பதிப்பில் இதைச் செயல்படுத்தியது. உறைந்த நகலிலிருந்து உயிருள்ள மூலத்துக்கு வந்து சேர இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

எழுத்துப் பட்டியலோடு இது முடிந்துவிடுவதும் இல்லை. காஞ்சி நெசவாளர் கரையையும் உடலையும் தனித்தனி நாடாவில் நெய்து பிணைக்கும் முறையைக் கோர்வை என்பார்கள். ஒரு தறிக் கணக்கு நிரலில் ‘கோர்வை’ என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்தால், முதலெழுத்தான ‘கோ’வை இரண்டு விதமாகக் கணினியில் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். அல்லது இரட்டைச் சுழி ஒற்றைக்கொம்பும் காலும் இரு குறியீடுகளாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டும் ஒரே பெயர் என்று கம்பைலருக்குச் சொல்வது யுனிகோடின் இயல்பாக்க அட்டவணை. பைதானும் ரஸ்ட்டும் பெயர்களை அந்த அட்டவணையின் வழியாக ஒருமுகப்படுத்திக்கொள்கின்றன. இல்லாவிட்டால் ஒரே சொல்லை வேறு வேறு விசைப்பலகையில் தட்டிய இருவரின் நிரல்கள், பார்வைக்குப் பிழையே இல்லாமல், ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் போகும். எழுத்தை எண்ணுவதும் இப்படியே. ‘காஞ்சிபுரம்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைதானில் கேட்டால் 11 என்கிறது, குறியீடுகளை எண்ணுகிறது. ஸ்விஃப்ட் என்ற மொழி 6 என்கிறது. நாம் எழுத்து என்று சொல்வதற்கு நெருக்கமான அலகை எண்ணுகிறது. பைதான் மேல் கட்டப்பட்ட எழில் மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையும் அவரோடு உழைத்தவர்களும் ஓப்பன்-தமிழ் என்ற நூலகத்தையும் எழுத நேர்ந்ததற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். அட்டவணை கையில் இருந்தும் பயனில்லாமல் போகும் நிலையும் உண்டு. கோ மொழியின் விதி, பெயர்களில் எழுத்தையும் எண்ணையும் மட்டும் ஏற்கிறது. சார்புக் குறிகளை ஏற்பதில்லை. புள்ளியும் துணைக்காலும் அதன் கணக்கில் எழுத்துகளே அல்ல. ஆகவே ‘பட’ என்ற பெயர் செல்லும், ‘பட்டு’ செல்லாது. அட்டவணையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் மொழியில் இப்படியொரு விதி நீடிப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

சேர்ப்பு வேலை எப்படி நடக்கிறது? வெளியிலிருந்து வந்த கோப்பில் நாமும் ஒரு வரி திருத்தியிருக்கிறோம், மூலத் திட்டத்தாரும் ஒரு வரி திருத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் கோப்பையும் அவர்கள் கோப்பையும் மட்டும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். யார் மாற்றினார்கள் என்பது தெரியாது. நாம் சேர்த்த வரியா, அவர்கள் நீக்கிய வரியா? இதைப் பிரித்தறிய மூன்றாவதாக ஒரு பிரதி வேண்டும்: கடைசியாக வாங்கியபோது அந்தக் கோப்பு இருந்த நிலை. அதிலிருந்து அவர்கள் போன வழி ஒன்று, நாம் போன வழி ஒன்று. இரண்டும் வேறு வேறு வரிகளைத் தொட்டிருந்தால் கருவியே இணைத்துவிடும். ஒரே வரியைத் தொட்டிருந்தால் மட்டும் மனிதர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். ஆக, கடைசியாக எந்தப் பதிப்பை வாங்கினோம் என்ற ஒரு குறிப்பு இல்லாமல் போனால் முழு வேலையும் ஊகமாகிவிடும். ஜிசிசி இதற்காக லிப்சானிடைசர் அடைவில் ‘மெர்ஜ்’ என்ற சிறு கோப்பை வைத்திருக்கிறது. எல்எல்விஎம்மின் எந்த நிலையிலிருந்து எடுத்தோம் என்ற அடையாள எண் அதில் இருக்கும். பக்கத்திலேயே ‘லோக்கல் பேட்சஸ்’ என்று இன்னொரு கோப்பு: ஜிசிசி தன் தேவைக்காகச் செய்துகொண்ட திருத்தங்களின் பட்டியல். புதிய பதிப்பை இறக்கிய பிறகு அவற்றை மட்டும் மறுபடி போட்டால் போதும். அவசரமான சிறு திருத்தங்களை நேரடியாகச் செய்துகொள்ளலாம், பெரிய மாற்றம் எதுவானாலும் முதலில் மூலத் திட்டத்துக்கே போய் அங்கிருந்து திரும்பி வர வேண்டும் என்பது அந்த அடைவில் எழுதியே வைக்கப்பட்டுள்ள நடைமுறை. இதை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஒவ்வொரு உள்ளூர்த் திருத்தமும் அடுத்த இணைப்பின்போது யாரோ ஒருவர் சுமக்க வேண்டிய பாரம். மூலத்தில் சேர்ந்துவிட்டால் அந்தப் பாரம் இல்லாமலே போகிறது. மற்ற கம்பைலர்களுக்கும் திருத்தம் கிடைக்கிறது. பைதானின் வழி இன்னும் எளிது. யுனிகோடின் தரவுக் கோப்புகளைப் படித்து உள் அட்டவணைகளை உருவாக்கும் நிரல் ஒன்று அதன் மூலநிரலிலேயே இருக்கிறது. அதில் பதிப்பு எண்ணை மாற்றி ஓட்டினால் அட்டவணை முழுதும் புதிதாக எழுந்துவிடும். மனிதக் கை படாத அட்டவணையில் இணைப்புச் சிக்கலுக்கே இடமில்லை.

கம்பைலர் என்பது மற்ற எல்லா மென்பொருளுக்கும் அடித்தளம், அதை அடிக்கடி அசைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. நேற்று ஓடிய நிரல் இன்று ஓடாமல் போனால் எந்தப் புதிய எழுத்தும் அந்த இழப்பை ஈடுகட்டாது. யுனிகோடு இதை முன்பே யோசித்திருக்கிறது. ஒதுக்கிய எழுத்தை நீக்குவதில்லை, அதன் பெயரை மாற்றுவதில்லை, ஒருமுறை பெயரில் வரத்தக்கது என்று சொன்ன எழுத்தைப் பிறகு விலக்குவதில்லை என்று உறுதி கொடுத்திருக்கிறது. எல்லாமே மாறாது என்று மட்டும் சொல்ல முடியாது. 2023ல் வந்த யுனிகோடு 15.1, தேவநாகரி, தெலுங்கு, மலையாளம் போன்ற எழுத்துகளில் கூட்டெழுத்தை ஒரே அலகாக எண்ணும் விதியைக் கொண்டுவந்தது. அதைப் பின்பற்றும் நிரலில் ஓர் இந்திச் சொல்லின் நீளம் நேற்று ஒன்று, இன்று வேறு. தமிழ் அந்த விதிக்குள் வரவில்லை. பழைய நடத்தை கட்டாயம் தேவைப்படும் இடங்களுக்குப் பழைய அட்டவணையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். இணைய முகவரிகளுக்கான பழைய விதி 2002ஆம் ஆண்டின் யுனிகோடு 3.2ஐச் சார்ந்திருப்பதால், பைதான் அந்தப் பதிப்பை இன்றும் தனியே வைத்திருக்கிறது. மாற்றம் சிறிதாக வரும்போது எது எதை உடைத்தது என்று கண்டுபிடிப்பது எளிது. ஐந்தாண்டு மாற்றம் ஒரே நாளில் வந்தால் அது முடியாது. நிலைத்தன்மையை விரும்புகிறவர் அடிக்கடி புதுப்பிப்பதைத்தான் ஆதரிக்க வேண்டும்.

நகலே எதற்கு, இயங்குதளத்தில் ஏற்கனவே இருக்கும் நூலகத்தைக் கேட்டுப் பயன்படுத்தினால் என்ன என்றும் கேட்கலாம். ஸ்விஃப்ட் மொழி லினக்ஸில் எழுத்து வேலைகளுக்கு ஐசியு என்ற பொது நூலகத்தை நம்பியிருந்தது. ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு பதிப்பு இருந்தால், ஒரே நிரல் இடத்துக்கு இடம் வேறு விடை தரும். 2022ல் ஸ்விஃப்ட் அந்தச் சார்பை விட்டுவிட்டு அட்டவணைகளைத் தன் அடிப்படை நூலகத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. கம்பைலரைப் பொறுத்தவரை உள்ளே வைத்துக்கொள்வதே சரி. வைத்துக்கொண்டதைப் பராமரிக்கும் கடமையும் கூடவே வந்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் கனமான எதிர்வாதம் பாதுகாப்பு பற்றியது. 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இஸட் என்ற சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு ஒளித்துவைத்த பின்வாசல் ஒன்று இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் வெளிப்படுத்தினார். புதியதை உடனே எடுத்துக்கொண்ட சோதனைநிலை லினக்ஸ் வெளியீடுகளில் அது புகுந்திருந்தது. நிதானமான நிலைப்பதிப்புகள் தப்பின. அவசரம் கேடு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்பார்கள். நடந்ததைக் கூர்ந்து பார்த்தால் பாடம் சற்று வேறு. தீங்கின் உடல் பகுதி, சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் பொதுக் கிடங்கிலேயே கிடந்தது. ஆனால் அதை எழுப்பிவிடும் வரி, வெளியீட்டுக்காகக் கட்டித் தந்த பொதியில் மட்டும் இருந்தது. எல்லோரும் பார்க்கும் மூலநிரல் கிடங்கில் இல்லை. பொதியை அப்படியே இறக்கியவர் அதையும் சேர்த்து இறக்கினார். மாற்றங்களை ஒவ்வொன்றாக, படிக்கத்தக்க வடிவில் வாங்குபவருக்கு அந்த வரி வந்தே இருக்காது. காத்திருப்பதும் பாதுகாப்பல்ல என்பதற்கு ஸீலிப்பின் கதை போதும். நினைவகத்தைக் கெடுக்கும் ஒரு பிழைக்கான திருத்தம் 2018 ஏப்ரலிலேயே அதன் கிடங்கில் சேர்ந்துவிட்டது. புதிய வெளியீடு வந்தது 2022 மார்ச்சில். வெளியீட்டுக்காகக் காத்திருந்த அத்தனை மென்பொருளும், மருந்து கையெட்டும் தூரத்தில் இருக்க, நான்கு ஆண்டு அந்தப் பிழையோடு ஓடின. சில வாரம் பொறுத்து, மாற்றங்களைப் படித்துப் பார்த்து, சோதித்துச் சேர்ப்பது விவேகம். ஆண்டுக்கணக்கில் விடுவது விவேகம் ஆகாது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் உரிமக் காரணத்தால் 2007ஆம் ஆண்டின் ஜிசிசி 4.2.1லேயே நின்றுவிட்டது, 2020ல் அதை அடியோடு நீக்கியபோது, சி++11 தரத்தைக்கூட அறியாத பழம்பொருளாக அது இருந்தது. அதன் இடத்தை எல்எல்விஎம்மின் கிளாங் என்ற கம்பைலர் பல ஆண்டுகளுக்கு முன்பே பிடித்துவிட்டது.

முந்திரிக் குறியை இன்று யார் நிரலில் எழுதப்போகிறார்கள், இதற்காகக் கம்பைலர்களைத் தொந்தரவு செய்யலாமா என்பது கடைசியாக எழும் ஐயம். மாறியின் பெயராக யாரும் எழுதமாட்டார்கள் என்பது உண்மை. பின்னக் குறிகள் பெயரில் வரவும் முடியாது. தேவை வேறிடத்தில் இருக்கிறது. வரதராசப் பெருமாள் கோயிலிலும் ஏகாம்பரநாதர் கோயிலிலும் உள்ள கல்வெட்டுகளைக் கணினியில் ஏற்றி, எந்த ஊரில் எவ்வளவு நிலம் எந்த நூற்றாண்டில் கோயிலுக்குப் போனது என்று கூட்டிப் பார்க்க ஓர் ஆய்வாளர் விரும்பினால், குறியைப் படமாகப் பார்ப்பது பயன்படாது. அது எண் என்பதும் அதன் மதிப்பு என்ன என்பதும் மொழியின் அட்டவணையிலேயே இருக்க வேண்டும். கைலாசநாதர் கோயிலில் பல்லவ மன்னன் ராஜசிம்மனின் விருதுப் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கும் கிரந்த எழுத்து மரபுக்கும் இதே நிலைதான். கிரந்தம் யுனிகோடில் வந்தது 2014 ஜூனில், 7.0ல். அதே ஆண்டு மார்ச்சில் வெளியான ஜாவா 8ன் அட்டவணை யுனிகோடு 6.2ஐச் சேர்ந்தது. உலகெங்கும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பதிப்புக்குக் கிரந்தத்தின் ஓரெழுத்துகூட எழுத்தாகத் தெரியாது. ஆங்கிலத்துக்கு இந்தக் கவலை இல்லை; அதன் எழுத்துகள் கணினி பிறந்தபோதே உள்ளே இருந்தன. நம் எழுத்துகள் 1991, 2005, 2014, 2019 என்று தவணை தவணையாக வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு தவணையும் கடைமடை வரை வந்து சேர்வதில் நமக்கு மற்றவர்களைவிட அதிக அக்கறை இருக்க வேண்டும்.

காஞ்சியிலும் மற்ற ஊர்களிலும் கணினி படிக்கும் மாணவர்களையும் தமிழ் மென்பொருள் எழுதுபவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: நீங்கள் பயன்படுத்தும் மொழி எந்த யுனிகோடு பதிப்பைச் சுமந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள், பைதானில் ஒரே வரியில் தெரிந்துவிடும். தமிழில் ஏதேனும் குறை கண்டால் உங்கள் நகலில் மட்டும் ஒட்டுப்போட்டு நிறுத்திவிடாமல், குறை பிறந்த திட்டத்துக்கே திருத்தத்தை அனுப்புங்கள். யுனிகோடுக்கு முன்மொழிவு எழுத யாருக்கும் தடையில்லை. தமிழ்ப் பின்னங்கள் அப்படி ஒருவர் எழுதிய முன்மொழிவிலிருந்துதான் உள்ளே வந்தன.